கல்முனை, மரவில்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் கல்முனை அம்பால் மான் வேட்டையாடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி 'எப்படிச் செய்வது?' என்று கேட்டவை. மீதி 'ஏனம்மா இந்த வேலை?' என்று கடிந்துகொண்டவை. இரண்டு கட்சிக்கும் இடம் கொடுத்திருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: துப்பாக்கி இருக்கிறது, எஃகு முனை இருக்கிறது. அப்புறமும் கல்லைக் கட்டிக்கொண்டு போய் மானை அடிப்பது அந்தப் பிராணிக்குச் செய்யும் கொடுமை இல்லையா? மழுங்கிய கல் என்ன வேலை செய்யும்?

கோபம் நியாயம்தான். ஆனால் கல் மழுங்கல் என்று யார் சொன்னது? எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறி உண்டாகும் கல்லுக்கு எரிமலைக் கண்ணாடி என்று பெயர். புதிதாக உடைத்த அதன் விளிம்பை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் அறுவைக் கத்தியின் எஃகு விளிம்பை வைத்தால் அது மரமறுக்கும் ரம்பம் மாதிரி இருக்கும். கல் உடைப்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகச் செய்த அமெரிக்கர் டான் கிராப்ட்ரீ, 1975-இல் தனக்கு நடந்த அறுவை சிகிச்சைக்குத் தன் கையால் உடைத்த எரிமலைக் கண்ணாடிச் சில்லுகளைக் கொடுத்து, இதனால்தான் வெட்ட வேண்டும் என்றார். மருத்துவரும் வெட்டினார்.

சான் பிரான்சிஸ்கோவில் அறுவை மருத்துவராக இருந்த சாக்ஸ்டன் போப் இன்னொன்று செய்தார். ஒரு பெட்டியில் மாட்டு ஈரலை நிரப்பி, பக்கங்களுக்கு மான்தோலை இழுத்து அடித்து, எஃகு முனையையும் கல்முனையையும் மாற்றி மாற்றி எய்தார். கல்முனைதான் கூடுதல் ஆழம் போனது. அழுத்திச் சீவிய கல்லின் விளிம்பு சின்னச் சின்னப் பல்லாக இருக்கும். அது தோலையும் தசையையும் அறுத்துக்கொண்டே உள்ளே போகிறது.

கல் தோற்பது எலும்பில். தோள்பட்டை எலும்பில் எஃகு பட்டால் வளையும், சில நேரம் துளைத்துக்கொண்டும் போய்விடும். கல் பட்ட இடத்திலேயே நொறுங்கும். மான் சாகாது, காயத்தோடு ஓடும். அதனால் எலும்பு குறுக்கே வரும் கோணத்தில் மான் நின்றால் நான் நாணை இழுப்பதே இல்லை. அப்படி எய்கிறவரைப் பார்த்தால் உங்களைவிட எனக்குத்தான் அதிகம் கோபம் வரும். இந்தப் பக்கத்தில் வரும் மற்ற பதில்கள் எல்லாமே, ஒரு விதத்தில், இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

கேள்வி: எந்தக் கல்? ஆற்றில் கிடக்கும் கூழாங்கல் ஆகுமா?

எல்லாக் கல்லும் ஆகாது. அடித்தால் கண்ணாடி உடைவதுபோல் வளைந்து வழவழப்பாகப் பெயர வேண்டும். சக்கிமுக்கிக்கல், அதன் உறவுக் கல்லான செர்ட், ஜாஸ்பர், அகேட், எரிமலைக் கண்ணாடி எல்லாம் அந்த ஜாதி. கிரானைட்டில் பெரிய பெரிய மணிகள் இருக்கும். அடியின் விசை ஒவ்வொரு மணியிலும் தடுக்கி எங்கேயாவது போய்விடும். கூழாங்கல் செர்ட்டாக இருந்தால் தாராளமாக ஆகும்.

கையில் தொங்கவிட்டு இன்னொரு கல்லால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல கல் 'கணீர்' என்கும். உள்ளே விரிசல் இருந்தால் 'டொக்' என்று அடங்கிவிடும். 'டொக்' என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், கீழே போட்டுவிடுங்கள்.

சில செர்ட் பச்சையாக இருக்கும்போது முரண்டு பிடிக்கும். அதை மணலில் புதைத்து மெதுவாகச் சூடேற்றி, கல்லைப் பொறுத்து 200 முதல் 350 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோய், அப்படியே மெதுவாக ஆற விட்டால் குணம் மாறிவிடும். உடைத்த பரப்பில் மெழுகு பூசியது மாதிரி பளபளப்பு வரும், சில்லும் நீளமாகப் பெயரும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் ஈரம் கல்லை வெடிக்க வைக்கும். எரிமலைக் கண்ணாடிக்கு இந்தப் பாடு தேவையில்லை.

கல்லே கிடைக்காதவர்களுக்கு: தடித்த கண்ணாடி பாட்டிலின் அடிப்பாகம். கேலி இல்லை. அமெரிக்கப் பழங்குடியான யாஹி இனத்தில் மிஞ்சிய கடைசி மனிதரான இஷி 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் அருகே வெளியுலகத்துக்கு வந்தார். அவர் பாட்டில் கண்ணாடியிலும் அற்புதமான அம்புமுனைகள் செய்தார். மேலே சொன்ன மருத்துவர் போப் வில் கற்றதே இஷியிடம்தான்.

கேள்வி: ஒரு கல் எப்படி முனையாகிறது? படம் இல்லாமல் புரியும்படி சொல்ல முடியுமா?

முயல்கிறேன். உருண்டையான கெட்டிக் கல் ஒன்றுதான் சுத்தியல். அதை வைத்துத் தாய்க்கல்லின் விளிம்பில் அடித்து, உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு ஒரு சில்லு எடுங்கள். அடிக்கும் விளிம்பின் கோணம் 90 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் எவ்வளவு பலமாக அடித்தாலும் கல் சிரித்துக்கொண்டு இருக்கும். சில்லு தடிமனாக இருந்தால் மான்கொம்பின் அடித்தண்டால் தட்டி மெலிதாக்கலாம்.

அதற்குப் பிறகு தட்டுவது இல்லை, அழுத்துவதுதான். இடது உள்ளங்கையில் தடித்த தோல் துண்டு. அதன்மேல் சில்லு. வலது கையில் மான்கொம்பின் கூர்நுனி, அல்லது மரப்பிடியில் செருகிய செம்புக் கம்பி. இப்போது செய்ய வேண்டிய முதல் காரியம் புதியவர்களைப் பதற வைக்கும்: அழகாகக் கூராக இருக்கும் விளிம்பைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து மழுக்க வேண்டும். மெல்லிய விளிம்பில் அழுத்தினால் அது பொடிந்து போகுமே தவிர, விசை உள்ளே போகாது. மழுக்கிய விளிம்பு தாங்கும்.

நுனியை அந்த விளிம்பில் ஊன்றி, முதலில் கல்லின் நடுப்பகுதியை நோக்கி உள்ளே தள்ளுங்கள். மணிக்கட்டால் தள்ளினால் பத்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். இடது கையின் பின்புறத்தைத் தொடையின் உள்பக்கம் முட்டுக்கொடுத்து, இரண்டு முழங்காலையும் நெருக்குங்கள். விசை காலிலிருந்து வரட்டும். விசை நன்றாக ஏறிய பிறகு நுனியைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். சில்லு மேலே பறக்காது. கல்லின் அடிப்பக்கத்திலிருந்து கழன்று உள்ளங்கைத் தோலில் விழுந்து கிடக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். அது போன வழியில் கல்லில் நீளமான ஒரு பள்ளமும், பள்ளத்தின் இரு பக்கமும் மேடும் இருக்கும். அடுத்த அழுத்தம் அந்த மேட்டுக்கு நேராக. விசை மேட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும், பள்ளத்தில் ஓடாது. கல்லைத் திருப்பி மறுபக்கமும் இதே. ரகசியம் என்று சொன்னால் மேட்டைப் படிப்பது ஒன்றுதான்.

அம்பில் கட்டும்போது நார் உட்காருவதற்கான இரண்டு பக்கவாட்டு வெட்டுகளை, அதாவது காடிகளை, கடைசியில் போடுங்கள். முழு முனையும் முடிந்து, 'ஆஹா' என்று சொல்லத் தோன்றும் நேரத்தில் உடைவது அங்கேதான்.

கேள்வி: கையை வெட்டிக்கொண்டதுண்டா?

உண்டு. அதைவிடப் பெரிய விஷயத்தை யாரும் கேட்கவில்லை: தூசி. இந்தக் கற்களில் பெரும்பாலானவை சிலிக்கா. உடைக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் நுண்தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்ப வராது. இங்கிலாந்தின் பிராண்டன் ஊரில் பழைய துப்பாக்கிகளுக்குத் தீக்கல் செய்து பிழைத்தவர்கள் பலர் மூடிய பட்டறைகளில் உட்கார்ந்து உடைத்து, நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்தார்கள். வெட்டவெளியில், காற்று உங்கள் முதுகுப்பக்கமாக இல்லாமல் பக்கவாட்டில் அடிக்கும்படி உட்காருங்கள். நல்ல முகமூடி போடுங்கள். கழிவைப் பெருக்காதீர்கள், நனைத்து அள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

கேள்வி: அருங்காட்சியகத்தில் பார்த்த கல் அம்புமுனைகள் கை நீளம் இருந்தன. நீங்கள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. ஆனால் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அம்பின் முனையாக இருக்காது. ஈட்டிமுனை, வேல் எறியும் கட்டையால் வீசிய எறிவேலின் முனை, இல்லாவிட்டால் பிடி போட்ட கத்தி. 1927-இல் நியூ மெக்ஸிகோவின் ஃபோல்சம் அருகே, அற்றுப்போன காட்டெருமை ஒன்றின் விலா எலும்புகளுக்கு நடுவே கல்முனை கிடைத்தது. 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டை அது. அமெரிக்காவில் மனிதர் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்ற சண்டையை அந்த ஒரு முனை முடித்து வைத்தது. அதையும் வில்லோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. வட அமெரிக்காவின் பெரும்பகுதிக்கு வில் வந்து சேர்ந்ததே ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன்புதான்.

அம்பு லேசானது. முன்னால் பாரம் ஏற்றினால் தடுமாறும். அதனால் உண்மையான அம்புமுனை பெரும்பாலும் சில கிராம்தான். மிகச் சிறியவற்றை 'பறவை முனை' என்று சொல்லிக்கொள்வார்கள். பறவைக்கு மட்டுமே என்று நினைக்க வேண்டாம். அந்த அளவு முனையால் மானும் காட்டெருமையும் விழுந்திருக்கின்றன. முனை சிறிதானால் நுழைய விசையும் குறைவாகப் போதும். பெரிய முனையைச் செய்து காட்டுவது எளிது, சுவரில் மாட்டவும் நன்றாக இருக்கும்.

கேள்வி: வில் அம்பு எவ்வளவு பழையது?

மரமும் நாணும் மட்கிவிடும். மிஞ்சுவது முனைதான். தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் கிடைத்த சின்னக் கல்முனைகள் ஏறக்குறைய 64,000 ஆண்டுப் பழையவை. அவற்றில் ஒட்டிய பசையின் தடமும் மோதி உடைந்த தடமும் இருப்பதால் அம்பில் கட்டியவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். இலங்கையின் பாஹியன் குகையில் 48,000 ஆண்டுப் பழைய எலும்பு முனைகள் கிடைத்திருக்கின்றன. கல்தான் வேண்டும் என்பதில்லை. எலும்புக்கு நொறுங்கும் தொல்லையும் குறைவு.

கேள்வி: வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, உடும்பில் போய் நின்றது என்று புறநானூறு பாடுகிறது. நடக்குமா?

ஓரியிடம் பரிசில் வாங்கப் போன புலவரிடம் நான் வாதாட மாட்டேன். கணக்கை மட்டும் சொல்கிறேன். என் அம்பு 35 கிராம். வில்லை விட்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வையுங்கள். ஆற்றல் சுமார் 35 ஜூல். சிறிய .22 துப்பாக்கிக் குண்டுக்கு இதைப்போல் நான்கு மடங்கு இருக்கும். ஆனாலும் அம்பு மானின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போய்த் தரையில் குத்தி நிற்பது சாதாரணமாக நடக்கிறது. குண்டு இடித்துக் கொல்கிறது, அம்பு அறுத்துக் கொல்கிறது. அறுப்பதற்கு ஆற்றல் குறைவாகப் போதும். யானைக்கு இந்த 35 ஜூல் போதாது. அந்த வில் 'வல்வில்' ஆயிற்றே, அதன் கணக்கு நமக்கு எதற்கு.

கேள்வி: முனையை அம்பில் எப்படி நிறுத்துகிறீர்கள்? ஃபெவிகால் போட்டால் ஆகாதா?

போட்டியில் காட்டவா, வேட்டைக்கா? வேட்டைக்குப் பிசினும் தசைநாரும்தான் எனக்குப் பிடித்தவை. பைன் பிசினை உருக்கி, கரித்தூள் கலந்து, கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்தால் ஆறியதும் கெட்டியாகும். வெறும் பிசின் மட்டும் என்றால் குளிரில் கண்ணாடி போல் உடையும். அம்புத்தண்டின் நுனியைப் பிளந்து, முனையின் அடிப்பகுதி அதில் நேராக உட்காரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். சூடான பிசினை விட்டு உட்கார வைத்து, தண்டைத் தரையில் சுழற்றிப் பாருங்கள். முனை ஆடாமல் ஒரே புள்ளியில் சுழன்றால் நேராக இருக்கிறது. ஆடினால் மறுபடி சூடு காட்டித் திருத்துங்கள்.

கட்டுவதற்கு, மானின் முதுகிலோ காலிலோ எடுத்துக் காய வைத்த தசைநார். அதைத் தட்டினால் நூல் நூலாகப் பிரியும். வாயில் போட்டு மென்று ஈரமாக்கிச் சுற்றினால் முடிச்சே வேண்டாம், தன் பசையிலேயே ஒட்டிக்கொள்ளும். காயும்போது இறுகும். ஒரு எச்சரிக்கை: முனையின் அடிப்பகுதி விளிம்புகளைக் கட்டுவதற்கு முன் தேய்த்து மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கல்லே உங்கள் கட்டை அறுத்துவிடும். பழைய முனைகள் பலவற்றில் அந்தத் தேய்ப்பு விரலுக்குத் தட்டுப்படும். தசைநார் மழையில் இளகும் என்பதால் மேலே மறுபடி ஒரு பூச்சு பிசின்.

ஃபெவிகால் பற்றி: என் பதில் இத்தனை நீளமாகப் போனதிலிருந்தே தெரிந்திருக்குமே.

கேள்வி: வில்லுக்கு எந்த மரம், எவ்வளவு பலம்?

யூ, எல்ம், ஆஷ், ஹிக்கரி, ஓசேஜ் ஆரஞ்சு எல்லாம் பெயர் பெற்றவை. டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பில் 1944-இல் கிடைத்த வில்கள் எல்ம் மரம். 9,000 ஆண்டு ஆகியும் வடிவம் தெரிகிறது. மரத்தின் பெயரைவிட நார் நேராக ஓடுகிறதா என்பதுதான் முக்கியம். எய்கிறவருக்கு எதிர்ப்பக்கமாக இருக்கும் வில்லின் முதுகில் நார் எங்கேயும் அறுபடக் கூடாது. அறுந்த இடத்தில்தான் பிளக்கும்.

மற்றதெல்லாம் பொறுமை. வில்லின் இரண்டு கைகளும், அதாவது பிடிக்கு மேல் பாதியும் கீழ்ப் பாதியும், ஒரே மாதிரி வளைகின்றனவா என்று பார்ப்பது, விறைப்பாக இருக்கும் இடத்தில் மட்டும் உள்பக்கம் சுரண்டுவது, முப்பது தடவை இழுத்து விட்டு மறுபடி பார்ப்பது. முழு நீளத்துக்கு இழுக்கும் அவசரம் எல்லாருக்கும் வரும். எத்தனை பவுண்டு வேண்டுமோ அதைத் தாண்டி ஒரு தடவைகூட இழுக்காதீர்கள், மரம் அதை மறக்காது.

மானுக்கு 40 முதல் 50 பவுண்டு இழுவிசை போதும், அதாவது 18 முதல் 23 கிலோ. பலமான வில்லை நடுங்கிக்கொண்டு பிடிப்பதைவிட 45 பவுண்டு வில்லை அசையாமல் பிடிப்பது மேல்.

கேள்வி: பெண்களால் 45 பவுண்டு இழுக்க முடியுமா?

இழுக்கிறேன்.

கேள்வி: எவ்வளவு தூரத்திலிருந்து எய்வீர்கள்? கல்முனையைக் குறிபார்த்துப் பழகினால் உடைந்துவிடாதா?

பழகுவதற்கு அதே எடையுள்ள இரும்பு முனை. கல்முனை ஒரு தடவைக்கு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் பட்டாலே நுனி போகும்.

தூரம் 15 மீட்டர், மிஞ்சிப்போனால் 20. காரணம் என் குறி இல்லை, மானின் காது. 20 மீட்டர் தூரத்தை என் அம்பு கடக்க ஏறக்குறைய அரை நொடி ஆகிறது. நாண் விடுபடும் சத்தமோ ஒரு நொடியில் பதினாறில் ஒரு பங்கு நேரத்தில் மானின் காதுக்குப் போய்விடும். மிச்ச நேரத்தில் மான் என்ன செய்கிறது? ஓடுவதற்காகக் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்துகிறது. அம்பு போய்ச் சேரும்போது நுரையீரல் இருந்த இடத்தில் முதுகுதான் இருக்கும், இல்லை வெறும் காற்று. நிதானமாக மேயும் மான் இவ்வளவு துள்ளாது. தலையைத் தூக்கிக் காதைத் திருப்பிக்கொண்டு நிற்கும் மான் கட்டாயம் துள்ளும். அப்படி நின்றால் பத்து மீட்டரில் இருந்தாலும் நான் வில்லை இறக்கிவிடுவேன். நாணில் கம்பளித் துணுக்கோ ரோமக் குஞ்சமோ கட்டினால் சத்தம் கொஞ்சம் அடங்கும், கொஞ்சம்தான்.

கோணம்: பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது தலை நம்மை விட்டு விலகும்படி சற்று அந்தப் பக்கம் திரும்பி. இலக்கு முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். அங்கே விலா எலும்புகள் மெல்லியவை. இரண்டு நுரையீரலும் அறுபட்டால் மான் சில நொடிகளில் விழும். நேருக்கு நேர் பார்த்து நிற்கும் மானைக் கல்லோடு போகிறவர் எய்யவே கூடாது. மார்பில் எலும்புக்கு நடுவே அவ்வளவு இடம் இல்லை.

கேள்வி: அம்பு பட்ட பிறகு?

உட்கார்ந்துவிடுங்கள். துரத்தினால் படுக்கப் போன மான் எழுந்து ஓடும். நல்ல அடி என்று தோன்றினாலும் அரை மணி நேரமாவது காத்திருந்து, பிறகு அம்பு கிடக்கும் இடத்துக்குப் போய் இரத்தத்தைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தொடருங்கள். பச்சையாக ஏதாவது ஒட்டியிருந்து நாற்றமும் வந்தால் குடல். அது எய்தவருக்கும் மானுக்கும் கெட்ட நாள். பல மணி நேரம் பொறுத்து, கடைசிவரை தேடிக் கண்டுபிடிப்பது கடமை.

இறைச்சியில் கல் துகள் இருக்குமே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இருக்கும். நுழைந்த வழியைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள். எரிமலைக் கண்ணாடித் துகள் கண்ணுக்குப் படாது, நாக்குக்குப் படும். முனையை எடுத்து முழுசாக இருக்கிறதா, எவ்வளவு காணவில்லை என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பழங்குடிகள் விஷம் தடவுவார்களாமே?

எல்லாரும் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வாழும் சான் மக்கள் ஒருவகை வண்டின் புழுவை நசுக்கி அம்பில் தடவுகிறார்கள். அதை முனையின் கூரில் தடவாமல், அதற்குப் பின்னால் இருக்கும் தண்டில் தடவுவார்கள். தவறிக் கையில் கீறினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். விஷம் வேலை செய்வதால் அவர்கள் வில் லேசானது. மான் விழும்வரை மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், தடம் பிடித்துப் போவார்கள். அந்தத் தடம் பிடிக்கும் திறமையைத்தான் நான் பொறாமையோடு பார்க்கிறேன். விஷத்தில் எனக்கு ஆசை இல்லை.

கேள்வி: மனிதனைக் கொல்லுமா?

ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கிடைத்த ஊட்ஸியைக் கேளுங்கள். 5,000 ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்த அந்த உடலின் இடது தோளுக்குள் சக்கிமுக்கிக்கல் முனை ஒன்று இருந்தது. 2001-இல் எக்ஸ்-ரே எடுத்தபோதுதான் தெரிந்தது. தமனி அறுந்து இரத்தம் வடிந்தே செத்திருக்கிறார். அவருடைய சொந்த வில் முடிக்காத யூ மரக் கட்டை, தூணியில் 14 அம்புத்தண்டுகள், அவற்றில் எய்யத் தயாராக இருந்தவை இரண்டே இரண்டு. முடிக்காத வேலையோடு மலையேறியவர் என்று எனக்கு அவர்மேல் தனிப் பாசம்.

கேள்வி: நானும் காட்டுக்குப் போகலாமா?

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. அம்பு கல்லா, எஃகா என்ற கேள்விக்கே இடமில்லை. நான் போவது அனுமதி உள்ள நாட்டில், உரிமம் எடுத்து, பருவத்தில் மட்டும். அங்கேயும் எல்லா இடத்திலும் கல்லுக்கு அனுமதி இல்லை. முனை உலோகமாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி எழுதியிருக்கும் பகுதிகள் உண்டு. அங்கே கல்முனையை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறேன். கல் உடைக்கவும், வில் செதுக்கவும், வைக்கோல் இலக்கில் எய்யவும் மானே வேண்டாம்.

கேள்வி: நான் தொல்லியல் மாணவி. உங்களைப் போன்றவர்கள் செய்து போடும் முனைகளால் எங்களுக்குக் குழப்பம் வராதா?

வரும், வந்துமிருக்கிறது. எரிமலைக் கண்ணாடியோ சக்கிமுக்கிக்கல்லோ இன்று உடைத்தாலும் பழையதுபோலவே இருக்கும். நான் செய்யும் ஒவ்வொரு முனையின் அடியிலும் வைரநுனிப் பேனாவால் ஆண்டையும் என் முதலெழுத்தையும் கீறுகிறேன். கழிவுச் சில்லுகளைப் பழைய மனிதர் வாழ்ந்த இடங்களில் ஒருபோதும் விடுவதில்லை. புதைக்க வேண்டி வந்தால் குழியின் அடியில் அந்த ஆண்டின் நாணயம் ஒன்றைப் போட்டுவிடுவது எங்கள் கூட்டத்தில் வழக்கம். காட்டில் தவறிப்போன அம்புகளுக்கு மட்டும் கீறல்தான் சாட்சி.

கேள்வி: எனக்கு ஒரு முனை அனுப்பி வைப்பீர்களா? தபால் செலவு தந்துவிடுகிறேன்.

மாட்டேன். தடித்த பாட்டில் ஒன்றின் அடியை எடுத்து, கண்ணாடி, கையுறை, முகமூடி மாட்டிக்கொண்டு வெளியே போய் உட்காருங்கள். விளிம்பைத் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள். உடைந்தால், உடைந்த துண்டில் இன்னும் சிறிய முனை ஒன்று இருக்கும்.